இரவல் சூடு

அரசாங்கத்தைக் கேட்டால் பிலவேந்திரன் செத்து நாலு நாளாகிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு உயிர் போயிருக்கிறது. சாவி மையத்து அதிகாரி செண்பகவல்லி திரையைப் பார்த்து அதை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சாட்சாத் பிலவேந்திரன்தான். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த மகள் ஜெசிந்தா, அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

உண்மையில் செத்தது அவர் மனைவி அமலோற்பவம், அவருக்கு அமலி. புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் அள்ளிப் போட்ட கை இன்னும் அவருக்குக் காயவில்லை என்றே தோன்றிக்கொண்டிருந்தது. அந்தக் கையைத்தான் அதிகாரி இப்போது நீட்டச் சொன்னாள்.

"ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. ஆனா நான் கண்ணால பார்த்தேன்னு எழுதினா செல்லாது. உங்க நாடி சொல்லணும். இன்னொரு தடவை காப்பைப் போட்டுப் பார்ப்போமா?"

போட்டார். காப்பு மூன்று மூச்சு நேரம் யோசித்தது. பிறகு சிவப்பாக மின்னி, 'நாடி பொருந்தவில்லை. உரியவர் காலமானார். ஆழ்ந்த அனுதாபங்கள்' என்றது. காலையிலிருந்து அது அவருக்கே அனுதாபம் சொல்வது இது ஆறாவது முறை.

சுவரில் துளை பார்த்து ஒயர் செருகி, செல்போனுக்கு உயிர் ஏற்றிய காலமெல்லாம் மலையேறிப் பல வருஷமாகிவிட்டது. இப்போது எல்லார் மணிக்கட்டிலும் நாடிக்காப்பு. பேசுவதற்கும் அதுதான், பணத்துக்கும் அதுதான். உள்பக்கம் ஒரு மெல்லிய வெம்மை உறிஞ்சி இருக்கும். அது உடம்புச் சூட்டைக் குடித்துக் குடித்து மின்சாரமாக்கிக்கொள்ளும். கரண்டு பில் கிடையாது, சார்ஜர் கிடையாது. மனுஷன் உயிரோடு இருந்தால் போதும், காப்பும் உயிரோடு இருக்கும்.

பணத்துக்குப் பூட்டும் அந்த நாடிதான். ரகசிய எண்ணைக் கண்டவனிடம் ஒப்பித்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட ஒரு தலைமுறையைப் பார்த்து, யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துக் கண்டுபிடித்தான். ஒருத்தர் இதயம் துடிக்கிற மாதிரி இன்னொருத்தர் இதயம் துடிப்பதில்லை. அந்தத் துடிப்பையே சாவியாக வைத்துவிட்டால் எந்தத் திருடன் என்ன செய்ய முடியும்? கையை வெட்டி எடுத்துக்கொண்டு போனாலும் பைசா பெயராது. கையில் மாட்டியிருக்கும்போதே நாடி நின்றால் காப்பு பூட்டிக்கொள்ளும், ஆம்புலன்சைக் கூப்பிடும், உறவுக்காரர்களுக்கும் வேலை இடத்துக்கும் சேதி சொல்லும். ஏழு நாளுக்குள் உரியவர் வந்து தன் நாடியைக் கொடுத்து மறுக்காவிட்டால் செத்தது செத்ததுதான். கணக்கு மூடப்படும். அதன்பின் சம்பளம் இல்லை, ரேஷன் இல்லை, பஸ்ஸில்கூட ஏற முடியாது. இன்று காலை மகளின் காப்பைக் காட்டித்தான் இருவரும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். இன்னும் மூன்று நாள் பாக்கி.

"மேடம், எங்க அம்மா போயிட்டா. எங்க அப்பாவும் போயிட்டாருன்னு ஒரு கம்ப்யூட்டர் சொல்லிட்டுக் கிடக்கு" என்றாள் ஜெசிந்தா. "அவராவது எனக்கு உயிரோட வேணும். எதையாவது செஞ்சு திருத்திக் குடுங்க."

"திருத்தத்தான்மா பார்க்கிறேன். ஐயா, ஒண்ணு கேட்பேன், மறைக்காம சொல்லணும். இந்தக் காப்பை நீங்கதான் போட்டிருந்தீங்களா?"

பிலவேந்திரன் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் உண்மையைச் சொன்னார்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த இறால் ஏற்றுமதி நிலையம். ஊரில் எல்லாரும் சொல்வது ஐஸ் கம்பெனி. அதன் உறைகிடங்கில் பிலவேந்திரனுக்கு முப்பது வருஷ வேலை. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. இறால் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அங்கே வேலை செய்கிறவர்களின் கைகளில் ரத்தம் ஒதுங்கிவிடும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் முக்கினாலும் விறைப்பு போகாது. பொழுதெல்லாம் அப்படியே இருந்து, தூங்கும்போதுகூடச் சில்லென்றே கிடக்கும். அந்தக் கையில் காப்பைப் போட்டால் அது என்னத்தைக் குடிக்கும்? மத்தியானத்துக்குள் அணைந்துவிடும்.

அதற்கு ஐஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் யார் ஆரம்பித்ததோ தெரியாது. காப்பை வீட்டில் பெண்டாட்டி கையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது. அடுப்படியில் நிற்கிற உடம்பு, துணி துவைக்கிற உடம்பு, எப்போதும் கதகதவென்று இருக்கும். சூடேற்றுவதற்கு நாடி பொருந்த வேண்டியதில்லை. காப்பைத் திறப்பதற்குத்தான் பொருந்த வேண்டும். ஒருவர் காப்பை ஒருவர் அணியக் கூடாது, மீறினால் மூன்று மாதம் முடக்கம் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதையெல்லாம் யார் படித்தார்கள்! கம்பெனிக் காலனியில் கல்யாணம் முடிந்த மறுவாரம், மாமியார்க்காரி மருமகள் கையில் மகனுடைய காப்பை மாட்டிவிடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

ஒரு உடம்புச் சூட்டில் ஒரு காப்புதான் நன்றாக ஏறும். இரண்டு போட்டால் இரண்டும் அரைகுறை. அதனால் அமலி தன்னுடைய காப்பைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். சம்பளம் வருவது அவருடையதில், வாடகை போவது அவருடையதில், மகள் கூப்பிடுவதும் அதில். "உங்களுது செத்துட்டா குடும்பமே நின்னு போகும். எம்பேர்ல என்ன கப்பலா ஓடுது?" என்பாள். பதினாலு வருஷம் அப்படியே போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கையைத் தூக்கிக் காட்டி, "எங்க வீட்டுக்காரருக்குச் சூடு சொரணை எல்லாம் இங்கதான் இருக்கு" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைப்பாள்.

முதலில் அவர் வேலை விட்டு வந்து கையில் போட்டதும் காப்பு சட்டென்று திறக்கும். வருஷம் போகப் போக மெனக்கெடுக்க ஆரம்பித்தது. கடைசி ரெண்டு மூன்று வருஷம், அவர் நாலு தடவை கொடுத்துப் பார்ப்பார், பொருந்தவில்லை என்று முரண்டு பிடிக்கும். அமலி பிடுங்கித் தன் கையில் போடுவாள். உடனே திறந்துகொள்ளும்.

"பாத்தீகளா? அதுக்கே தெரிஞ்சிருக்கு வீட்டுல யார் பேச்சு எடுபடும்னு."

"ஏட்டி, பேசாம அதையே கட்டிக்கோ" என்பார் பிலவேந்திரன். இருவரும் சிரிப்பார்கள். மையத்துக்குப் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் மூன்று மாதம் முடக்குவார்களே என்ற பயம்.

அவர் சொல்லி முடித்ததும் செண்பகவல்லி திட்டவில்லை. மின்விசிறிக்குக் கீழே பறந்த காகிதத்தை எடுத்து அமுக்கி வைத்துவிட்டு, திரையில் எதையோ பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள்.

"இந்த நாடிச்சாவி தினமும் தன்னைப் புதுப்பிச்சுக்கும் ஐயா. மனுஷ இதயத்துக்கு வயசாகுதில்ல? அதனால மெதுவா வர்ற மாற்றத்தை மன்னிச்சு ஏத்துக்கும். திடீர்னு வேற நாடி வந்து திறக்கப் பார்த்தாத்தான் திருடன்னு பிடிக்கும்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சூடேறிக்கிட்டு இருக்கும்போதும் நாடியைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஐப்பசியில உங்களுக்கு டெங்கு வந்துச்சா? நாலு நாள் நாடி ஏறிக் கிடக்கு."

"எனக்கு வரலியே. அமலிக்குத்தான் வந்துச்சு."

"போன வருஷம் மே பன்னிரண்டு. காலையில ரெண்டு மணி நேரம் தாறுமாறா ஓடுது, அப்புறம் அப்படியே அடங்குது. அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அன்னிக்கு என் பிரசவம்" என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "அப்பா கம்பெனியில இருந்தாரு. அம்மாதான் லேபர் வார்டு வாசல்ல நின்னா."

செண்பகவல்லி நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டாள். "உங்க பேர்ல இதுக்குள்ள இருக்கிறது உங்க நாடி இல்லை ஐயா. கொஞ்சம் கொஞ்சமா மாறி மாறி, முழுசா உங்க வீட்டம்மா நாடியா ஆயிடுச்சு. அது பாட்டுக்கு உங்களுக்கு வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு."

பிலவேந்திரனுக்கு அதைக் கேட்டு முதலில் ஒரு மாதிரி இதமாகத்தான் இருந்தது. தன் பேரில் ஒரு பெட்டிக்குள் அவள் துடிப்பு இருக்கிறது என்பது அந்த நாலு நாளில் அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை. மறுபடி சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தார். அதற்குள் அந்தப் பெண் அடுத்த வரியைப் படித்துவிட்டாள்.

"ஆனி மாசத்திலிருந்து மூணு தடவை எச்சரிக்கை போயிருக்கே? 'உங்கள் இதயத்தில் மாறுதல் தெரிகிறது. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.' மூணுமே உரியவர் நாடி கொடுத்துப் புறக்கணிச்சதா பதிவாகியிருக்கு."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நாலு நாளாக மனசுக்குள் ஒரு கதவைச் சாத்திவிட்டு, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். இப்போது அது திறந்துகொண்டது.

முதல் எச்சரிக்கை வந்த அன்று அமலி வீட்டை இரண்டாக்கிவிட்டாள். "உங்க நெஞ்சுல கோளாறாம், காப்பு சொல்லுது, கிளம்புங்க" என்று ஒற்றைக் காலில் நின்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அவரைப் படுக்க வைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். "என்னவே, இது நெஞ்சா, டீசல் இன்ஜினா? உமக்கு ஒரு குறையும் இல்லை. ஐஸ்ல கிடக்கிற காப்பு, அப்படித்தான் உளறும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். வெளியே பெஞ்சில், வலது கையில் காப்பும் இடது கையில் ஜெபமாலையுமாக அமலி உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லையாமா?" என்று எழுந்தாள். எழுந்தவள் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கால் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டார்கள்; இரண்டாவது எச்சரிக்கை வந்தபோது சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். மூன்றாவது போன ஞாயிற்றுக்கிழமை. குடத்தோடு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். காப்பு கத்தியது. "இதுக்கு வேற வேலையே இல்லை" என்று சொல்லிப் 'புறக்கணி' என்பதை அமுக்கினாள். அவள் விரல்தான் அமுக்கியது. அவளுடைய நாடி என்பதால் அதுவும் மறு பேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது.

"யம்மா" என்றார் பிலவேந்திரன் அதிகாரியைப் பார்த்து. "நான்ல போய்ப் படுத்தேன். என்னையில்ல சோதிச்சாக. நோவு பிடிச்சவ வெளிய பெஞ்சில உக்காந்து எனக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தாளே. அய்யோ, கடவுளே, அது அவளுக்கு வந்த சேதியா?"

ஜெசிந்தா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் இப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இருவருமே இதுவரை வாய்விட்டுப் பேசவில்லை. பத்து நாற்பதுக்கு நாடி நின்றதும் காப்பு தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. பத்தாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் நின்றது. கதவு உள்ளே தாழ். "பிலவேந்திரன் என்பவர் எங்கே?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "அவரு கம்பெனியில இருக்காரே" என்றாள். கம்பெனிக்குப் போன் போட்டார்கள். சூப்பர்வைசர் உறைகிடங்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவரா, இங்க கல்லு மாதிரி நிக்காரு" என்று சிரித்தார். ஆம்புலன்ஸ் திரும்பிப் போய்விட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக்ஸி ஓடிக்கொண்டே இருக்க, சமையல்கட்டுத் தரையில் அமலி கிடந்தாள்.

உறைகிடங்குக்குள் அன்று பெரிய கேலி. "அண்ணாச்சி, நீரு செத்துட்டீராம்வே! அனுதாபச் சேதி வந்திருக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். பிலவேந்திரனும் சிரித்தார். ஒருவன் அவர் கழுத்தில் பிளாஸ்டிக் கயிற்றை மாலையாகப் போட்டான். மகள் கம்பெனி எண்ணுக்கு அலறிக்கொண்டு கூப்பிட்டாள். அப்பா குரலைக் கேட்டதும், "அப்பா, உங்களைச் சாகடிச்சிட்டாங்கப்பா" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "அம்மா எடுக்கவே மாட்டேங்கா" என்றாள். "மிக்ஸி ஓடுற சத்தத்துல அவளுக்கு என்ன கேக்கும்?" என்றார் அவர். சரியாகத்தான் சொன்னார். இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்வரை அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் சிரிச்சேனே, தாயே" என்று இப்போது மேசை மேல் தலையை வைத்தார். அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகவல்லி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இந்த மாதிரிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஐயா, நாடி இல்லாததால பேனாவுல கையெழுத்து வாங்கிக்கிறேன். இதைப் போட்டா பழைய நாடியை அழிச்சிட்டு உங்க நாடியைப் புதுசாப் பதிஞ்சிடலாம். நீங்க உயிரோட வந்திருவீங்க. முடக்கமும் போடாம நான் பார்த்துக்கிறேன்."

ஜெசிந்தா வாசித்தாள். 'இந்தக் காப்பில் பதிந்திருக்கும் நாடி என்னுடையது அல்ல. அதன் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை. அதை முற்றிலும் அழிக்கச் சம்மதிக்கிறேன்.'

"உரிமை இல்லையா?" பிலவேந்திரன் நிமிர்ந்தார். "முப்பத்தொரு வருஷம் அவகூடக் குடும்பம் நடத்தினவன் நான். எனக்கு உரிமை இல்லைன்னு எழுதிக் குடுக்கணுமா? முடியாது. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். அந்தத் துடிப்பு அதுலயே இருக்கட்டும்."

"அப்பா, பைத்தியமா உங்களுக்கு? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரியில வாசல்லயே நிறுத்திருவாங்க."

"நிறுத்தட்டும். அவளுக்கு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போகலியா?"

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் காப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் பாதியில் அப்படியே நின்றார். ஒரு முகம் ஞாபகம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவர் கழுத்தில் கயிற்று மாலை போட்டவன் சங்கரபாண்டி. "கவலைப்படாதேயும் அண்ணாச்சி, எனக்கும் ரெண்டு தடவை எச்சரிக்கை வந்திருக்கு, அடுத்த சாவு நான்தான்" என்று அவன் சொல்லித்தான் உறைகிடங்கே அதிரச் சிரித்தது. அவனும் டாக்டரிடம் போய் வந்திருந்தான். அவனுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அவன் காப்பு இருப்பது அவன் மனைவி பேச்சியம்மாள் கையில்.

"யம்மா, ஐஸ் கம்பெனி ஆளுகள்ல யார் யாருக்கு இந்த எச்சரிக்கை போயிருக்குன்னு பாரு. சீக்கிரம் பாரு" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் அவனுகளுக்கு இல்லை. வீட்டுல இருக்கிற பொம்பளைகளுக்கு!"

செண்பகவல்லி திரையை விட்டுக் கையை எடுத்தாள். "ஒருத்தர் நாடி விவரத்தை இன்னொருத்தருக்கு நான் சொல்லக் கூடாது ஐயா. திறக்கவே எனக்கு அனுமதி இல்லை. பாதுகாப்புக்காக அப்படி வச்சிருக்கு. மேலிடத்துக்கு இப்பவே எழுதுறேன். பதில் வர எப்படியும் ரெண்டு நாள் ஆகும்."

ஜெசிந்தா தன் காப்பில் கம்பெனிக்குப் போட்டாள். சூப்பர்வைசர் எடுத்தார். சங்கரபாண்டி உள்ளே சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறானாம், கதவை நடுவில் திறந்தால் இறால் கெட்டுவிடுமாம், அவன் எண்ணையும் விலாசத்தையும் வெளியாருக்குத் தரக் கூடாதாம், இரண்டு மணிக்கு வெளியே வந்ததும் கட்டாயம் சொல்கிறேன் என்றார்.

"ரெண்டு மணிக்கா?" என்றார் பிலவேந்திரன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. சங்கரபாண்டி வீடு காலனிக்கு வெளியே, தெர்மல் மின்நிலையத்துப் பக்கம் எங்கேயோ. போனது கிடையாது. அவன் எண் மனப்பாடம் கிடையாது. யாருக்குத்தான் இந்தக் காலத்தில் எண் மனப்பாடம்? எல்லாம் காப்புக்குள்தான் கிடந்தது. காப்பு திறக்க வேண்டுமானால் அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

திரும்ப உட்கார்ந்தார். "பேனாவைக் குடு" என்றார்.

கையெழுத்துப் போட்டதும் அதிகாரி தயங்கினாள். "அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை நாடியை ஓட்டிக் காட்டணும்னு விதி இருக்கு. காப்பே திருப்பி அடிச்சுக் காட்டும். நூறு துடிப்பு. வேண்டாம்னாலும் விட்டிரலாம்."

"ஓட்டு" என்றார்.

மணிக்கட்டில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷ ஐஸில் மரத்துப்போன கை. காப்பைக் கழற்றிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அப்போது தெரிந்தது. மெதுவாக, வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி தட்டியது. தட்டியது, தட்டியது, ஒன்றைத் தவறவிட்டது. அவசரமாக இரண்டு தட்டியது. மறுபடி ஒழுங்காகப் போயிற்று, மறுபடி ஒன்றை விட்டது. இத்தனை மாதம் இதன் பக்கத்தில்தான் படுத்திருந்தார். ஒரு நாள் அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தால்கூடக் கேட்டிருக்கும். முகத்தை மூடிக்கொண்டு நூறு வரைக்கும் எண்ணினார். நூறாவதோடு நின்றது. பிறகு பச்சையாக மின்னி, 'அழிக்கப்பட்டது' என்றது.

புது நாடி பதிய அதிக நேரம் ஆகவில்லை. 'வணக்கம் பிலவேந்திரன்' என்று குதூகலமாகச் சொன்னது காப்பு. தொடர்ந்து, 'மின்னேற்றம் இரண்டு சதவீதம். உடல் வெம்மை போதவில்லை' என்றது. பெயர்ப் பட்டியலைத் திறந்தார். சங்கரபாண்டி பெயர் வரை போனது, அப்படியே மங்கியது.

"குடுங்கப்பா, உங்க கை எப்பவும் இப்படித்தான் சில்லுனு" என்று ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை வாங்கித் தன் மணிக்கட்டில் மாட்டினாள். அம்மா செய்யப் பார்த்துப் பழகிய காரியம். யோசிக்கவே இல்லை.

"கழத்துட்டி!" அவர் போட்ட சத்தத்தில் வரிசையே ஒதுங்கியது. "கழத்து! உங்க அம்மா மாதிரி நீயும் போகணுமா? எடு அதை!"

அவள் கழற்றிக் கொடுத்தாள். பிலவேந்திரன் காப்பைத் தன் கையில் மாட்டி, வேட்டியில் வைத்துத் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்தார், தோல் சிவக்கிறவரைக்கும் தேய்த்தார். மணிக்கட்டை அக்குளுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவரைப் போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமோ கழித்து, காப்பு 'மூன்று சதவீதம்' என்றது.

கூப்பிட்டார். நாலாவது மணியில் எடுத்தார்கள். பெண் குரல்.

"அண்ணாச்சியா? பேச்சியம்மா பேசுதேன். அவுக வேலைக்குப் போயிருக்காகளே. காப்பு என்கிட்டதான் கிடக்கு." பேச்சு விட்டு விட்டு வந்தது. "மதினி காரியத்துக்கு வந்திருந்தேன், உங்ககிட்டப் பேச முடியலை அண்ணாச்சி. மனசைத் தேத்திக்கோங்க."

"ஏம்மா மூச்சு வாங்குது உனக்கு?"

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. தண்ணி தூக்கிட்டு வந்தேன்."

பிலவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். "பேச்சியம்மா, குடத்தை இறக்கி வை. வச்சிட்டியா? கதவைத் திறந்து போட்டுட்டு அங்கனயே உக்காரு. தெருவையும் வீட்டு நம்பரையும் சொல்லு. ஆம்புலன்ஸ் வரும். யார் பேரைக் கேட்டாலும், எனக்குத்தான்னு சொல்லு. உம் புருஷன் பேரைக் கேட்டாலும் எனக்குத்தான்னு சொல்லணும். கேக்குதா?"

"என்ன அண்ணாச்சி சொல்லுதீக? எனக்கு என்ன?"

"சொல்லுதேன், நான் நேர்ல வந்து சொல்லுதேன். எந்திரிக்காதே. நம்பரைச் சொல்லு."

அவள் தெருவையும் நம்பரையும் சொன்னாள். செண்பகவல்லி அதைக் கேட்டுக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போட்டு, நோயாளி பெண், பெயர் பேச்சியம்மாள் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னாள். காப்பு அணைந்துபோயிற்று. உயிரோடு இருக்கும் பிலவேந்திரனுக்குப் பஸ் ஏற ஒரு சதவீதம்கூட மிச்சமில்லை. அவர் மகளுக்குக்கூடக் காத்திராமல் வாசலைத் தாண்டி, பேச்சியம்மாள் வீட்டுப் பக்கம் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா, "அப்பா, நில்லுங்கப்பா" என்று பின்னால் ஓடினாள்.